கத்திக்கொண்டே வந்த வேன்

வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் அந்தக் கப்பல் ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது. வெளிநாட்டில் வேனை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, கணவன் மனைவி இருவருக்கும் ஏற்கெனவே இடுப்பு ஒடிந்திருந்தது. இதில் ஒலிபெருக்கி வேறு. கீழ்த்தளத்தில் ஒரு வண்டியின் அலாரம் நிற்காமல் கத்துகிறதாம். நம்பரைச் சொல்லி, உரிமையாளரைச் சாவியோடு வரச் சொன்னது.

“எந்த முட்டாள் அது?” என்று கணவர் பல்லைக் கடித்தார். “கப்பல் ஆடினா அலாரம் அடிக்கும்னு தெரிய வேணாம்? யார் சொன்னாலும் கேக்க மாட்டான். எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம்!”

மனைவி காகிதப் பையை வாயருகே பிடித்துக்கொண்டாள்.

மறுபடியும் அறிவிப்பு.

“இவனுக்கு வாக்கப்பட்டவளை நினைச்சுப் பாரு. பாவம், எப்படித்தான் காலம் தள்ளுறாளோ!”

அவள் மெல்லத் திரும்பினாள். “ம்… சொல்லுங்க.”

கரை வரும்வரை அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக அவர் உருகித் தீர்த்தார்.

கீழே இறங்கிப் பார்த்தால், அலாரம் கத்திக் கத்தியே பேட்டரி செத்து, வழியை மறித்து நின்றது அவர்களுடைய வேன்தான். பின்னால் வரிசை முழுக்க ஹாரன்.

“ஐயோ, நம்ம வண்டியா! உனக்கு நம்பர் தெரியாதா?”

“தெரியும். டிக்கெட் எடுக்கறப்போ நான்தானே சொன்னேன்.”

“அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கல?”

“திறந்திருப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என்னைப் பாவம்னு சொன்னீங்க. நடுவுல நிறுத்த மனசு வரல.”