நானே கொடுத்த சாவி

காரின் கடிகாரம் காலை ஏழு பதினெட்டில் நின்றிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி அந்தப் படத்தைத்தான் முதலில் மேஜைமேல் வைத்தார்.

பல் டாக்டர் அதைப் பார்த்துத் தலையசைத்தாள். அவளுடைய கார்தான். மலைப்பாதையின் இறக்கத்தில், மூன்றாவது வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. ஓட்டியவர் அவள் கணவர். இறந்து ஒரு மாதம் ஆகிறது. தூக்கக் கலக்கம் என்று எழுதிப் போலீஸ் ஃபைலை மூடிவிட்டது.

கிளினிக்கில் மதிய இடைவேளை. முன்னறையில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் டாக்டரும் மற்றதில் அவளுடைய கொழுந்தனும் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சமிருந்தது பல் பிடுங்கும் நாற்காலிதான். அதிகாரி நின்றுகொண்டே பேசினார்.

பாலிசி டாக்டர் பெயரில் இருந்தது. வேறு ஒருவர் ஓட்டினாலும் பணம் உண்டு. அவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். உரிமையாளரின் சம்மதமும் இருக்க வேண்டும். லைசென்ஸ் இருந்தது. சம்மதம் இருந்ததா என்பதுதான் கேள்வி. கேட்காமல் எடுத்துப் போயிருந்தால் காருக்கும் கிடையாது, உயிருக்கும் கிடையாது.

“நான்தான் குடுத்தேன்,” என்றாள் டாக்டர்.

“பொய்,” என்றான் கொழுந்தன்.

அவன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். அண்ணி எட்டு வருடமாகக் கார் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். அண்ணன் மழையிலும் வெயிலிலும் பஸ்ஸுக்கு நின்றார். கொழுந்தனின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுகூட டாக்சி கூப்பிடச் சொன்னவள். இந்த மாதிரி இரண்டு பக்கம். அண்ணனை வைத்து அவளுக்கு ஒரு பைசா போகக் கூடாது என்று முடித்திருந்தான்.

“பல்லு வேணும்னா சும்மாவே பிடுங்கித் தருவாங்க சார். சாவி தர மாட்டாங்க. அண்ணன் இவங்களுக்குத் தெரியாமதான் எடுத்துட்டுப் போயிருக்காரு.”

“தம்பி, வாயை மூடுங்க.”

“ஊர்ல எல்லாரையும் வாயைத் திறங்கன்றவங்க, என்னை மட்டும் மூடச் சொல்றாங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. எதிர்க் கடையிலும் கிளினிக் நர்ஸிடமும் அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். டாக்டரின் சாவியை வேறு ஒருவர் கையில் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. அதை அவர் மறைக்காமல் டாக்டரிடம் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“அவர் கேக்காம எடுத்திருந்தா அப்படியே சொல்லிடுங்க மேடம். தப்பில்லை. நானும் அப்படியே எழுதி ஃபைலை மூடிடறேன்.”

“மூடினா எனக்கு என்ன கிடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காது. யாரும் வந்து எதுவும் கேக்கவும் மாட்டாங்க.”

டாக்டர் கையுறைகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். கைபேசியை எடுத்துத் தேடி அவரிடம் நீட்டினாள். விபத்து நடந்த அன்று காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு, நடைப்பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து கணவருக்கு அனுப்பிய செய்தி அது.

‘சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. பஸ்ஸுக்கு நிக்க வேணாம். என் காரையே எடுத்துட்டுப் போங்க.’

அதன் கீழே கணவரின் பதில்: ‘நிஜமாவா?’

அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கொழுந்தனிடம் கொடுத்தார். அவன் படித்தான். கைபேசியைத் திருப்பித் தரும்போது டாக்டரின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. தன் கடிதத்தைக் கிழித்துப்போட முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டான். முடியாது, பதிவு எண் போட்டாகிவிட்டது என்றார் அவர்.

“மன்னிச்சிருங்க அண்ணி.”

“பரவால்ல தம்பி. அவருக்கு ஒரு நாளாவது குடுக்கணும்னு எனக்கே தோணுச்சு.”

அதிகாரி வாக்குமூலம் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். காரை ஓட்டிச் செல்லும்படி கணவரிடம் தானே சொன்னதாகவும், சாவியைத் தானே எடுத்து வைத்ததாகவும், இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாகவும் அதில் இருந்தது. ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார். இப்போதுகூட மாற்றலாம் என்றார்.

டாக்டர் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் சாட்சியாகப் போட்டான்; கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டதால் தேதியைத் தப்பாக எழுதித் திருத்த வேண்டியிருந்தது.

“இனிமே சம்மதம் பத்திச் சந்தேகமே இல்லை,” என்றார் அதிகாரி.

பணம் எப்போது வரும் என்று டாக்டர் கேட்டாள்.

அவர் வாக்குமூலத்தை மடித்துப் பையில் வைத்தார். பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். ஒரு நோட்டுப் பக்கத்தின் நகல். ஓரத்தில் கிரீஸ் கறை.

“உங்க மெக்கானிக், வேலை முடியாத வண்டியைக் கையெழுத்து வாங்காம வெளியே விடமாட்டாராம். உங்க வீட்டுக்காரர் கேக்காம எடுத்திருந்தா, இந்தக் காகிதத்துக்கு வேலையே இல்லை. ‘பிரேக் ஆயில் ஒழுகுது, நாலு மிதிக்கு மேல பிடிக்காது, யாரும் ஓட்டக் கூடாது’ன்னு எழுதி, முந்தின நாள் சாயங்காலம் உங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கார். நீங்களும் ஆள் வெச்சு வண்டியைத் தள்ளிட்டுதான் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கீங்க. இதை மட்டும் ஏன் அந்த மெசேஜ்ல எழுதாம விட்டீங்க, டாக்டர்?”