செங்கல் உதவியாளர்

டிரைவர் சீட்டில் ஒரு செங்கல் உட்கார்ந்திருந்தது. சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் மனைவியின் கையெழுத்து: 'உங்கள் புது உதவியாளர்.'

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் அவரைப் பார்க்கவில்லை.

மூன்று நாளுக்கு முன் மச்சான் சாப்பிட வந்தபோது வந்த வினை இது. கார் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, குழாயில் காற்று புகுந்துவிட்டது, அதை வீட்டிலேயே எடுத்துவிடுவேன் என்று இவர் அளந்துகொண்டிருந்தார். எப்போதும் போலத் தங்கச்சி கூட இருந்து உதவுவாள்தானே என்று மச்சான் கேட்டார்.

"அவ என்ன, பெடலை மிதிப்பா. அதுக்கு ஒரு செங்கல் போதும் மச்சான்."

பேச்சுக்கும் ஒரு பிரேக் வேண்டும் என்பது நம் ஆண்குலத்துக்கு மோதிய பிறகுதான் ஞாபகம் வரும். அன்றிலிருந்து வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு மட்டும்தான் பேசியது. இன்று காலை அதில் ஒட்டியிருந்தது: 'நாளை மகளுக்குப் பட்டமளிப்பு. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். மலைப்பாதை. பிரேக் சரியாகாவிட்டால் நான் பஸ்ஸில்.'

கீழே இவர் எழுதினார்: 'சரியாகும். ஆள் தேவையில்லை.'

மகள் முன்னால் ஆளுக்கொரு வண்டியில் போய் இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை எழுதத்தான் சீட்டில் இடம் பத்தவில்லை.

ஒற்றை ஆளாகச் செய்வது எப்படி என்று செல்போனில் வீடியோ ஓட்டினார். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகில் ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்க வேண்டும். திருகைத் தளர்த்திவிட்டு உள்ளே போய்ப் பெடலை மிதித்தால், காற்று குமிழ் குமிழாகப் பாட்டிலுக்கு வந்துவிடும். இவ்வளவுதானா என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார். புரிந்த பிறகும் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

பானட்டைத் தூக்கி, ஆயில் கிண்ணத்தைக் கோடு வரை நிரப்பி, டப்பாவை எதிர் மதில் மேல் வைத்தார். செங்கலைப் பக்கத்துச் சீட்டுக்கு மாற்றினார், பெல்ட் போட்டுவிடவில்லை. பிறகு படுப்பதும், எழுவதும், உள்ளே ஏறி மிதிப்பதும், இறங்கி மறுபடி படுப்பதுமாக இடுப்பு கழன்றது.

நடுவில் மனைவி துணி காயப்போட வந்தாள். கொடி காருக்கு முன்னால் இருந்தது. சீட்டில் இருக்கும்போது தூக்கிய பானட் கண்ணை மறைத்தது. சக்கரத்தடியில் படுத்தால் அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது. ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த சக்கரத்தின்போது ஒரு தலையணை உறை. இப்படி ஒரு கை துணிக்கு நாலு நடை. நான் திண்டாடுவதை வேடிக்கை பார்க்க வருகிறாள் என்று முடிவு கட்டி, இன்னும் வீம்பாக மிதித்தார். பழுப்பு ஆயில் பாட்டிலை நிரப்பியது. கொட்டிவிட்டு வைத்தார், மறுபடி நிரம்பியது.

சாயங்காலம் நாலாவது சக்கரமும் முடிந்தது. பெடல் கல் மாதிரி நின்றது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பானட்டை அறைந்து சாத்தி, தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்து, ஃபிரிட்ஜில் ஒட்டினார்: 'பிரேக் தயார். தனி ஆளாக.' தனி ஆளுக்குக் கீழே இரண்டு கோடு.

குளித்துவிட்டு வந்து, ஜெயித்த ருசி போவதற்குள் வீடியோவின் மீதிப் பாதியை ஓட்டினார்.

"ரொம்ப முக்கியம்," என்றது செல்போன். "ஒவ்வொரு சக்கரம் முடிஞ்சதும் கிண்ணத்துல ஆயில் ஊத்தணும். வத்திப்போச்சுன்னா திரும்பக் காத்து புகுந்துடும். எந்த நேரத்துல பிரேக் காலை வாரும்னு சொல்ல முடியாது."

அவர் ஊற்றியது ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை. இப்போது கல் மாதிரி நிற்கும் பெடல், மலை இறக்கத்தில் என்ன செய்யும்?

ஃபிரிட்ஜுக்குப் போய்த் தன் சீட்டைக் கிழித்தார். வேறு சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டார். நேரே உள்ளறைக்குப் போனார். மனைவி நாளைக்கு உடுத்த வேண்டியதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுலயே போயிடலாம்மா, ரெண்டு பேரும்," என்றார். மூன்று நாளில் முதல் பேச்சு. "நடுவுல ஆயில் ஊத்த மறந்துட்டேன். அந்த வண்டியில உன்னை ஏத்த எனக்கு மனசு வரல. செங்கல்னு சொன்னதும் தப்புதான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து, காலி ஆயில் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"செங்கல் மிதிக்கும், ஊத்தாதுங்களே. அதான் நாலு தடவையும் நானே வந்து ஊத்திட்டுப் போனேன்."