கடை வாசலில் கீர்த்தனை

"நூத்தம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவுல பொம்பளைங்க சாராயக்கடை வாசல்ல முழங்கால் போட்டு, பாட்டுப் பாடியே கடைய மூட வச்சாளுவ" என்றாள் சரித்திர டீச்சர் ஜெனிலா, கடற்கரைப் பெண்கள் கூட்டத்தில்.

"நமக்குப் பாட்டுக்கா பஞ்சம்?" என்று எழுந்தாள் மீன் விற்கும் சகாயசெல்வி. அவள் புருசன் ததேயுஸ் தினமும் ஊர் மதுக்கடையிலிருந்துதான் தள்ளாடி வருவான்.

மறுநாள் மாலை கடற்கரைப் பெண்கள் எல்லோரும் மதுக்கடை முன்னால் முழங்காலிட்டுப் பாடினார்கள். ஒரு ஆண்பிள்ளைகூட அந்தப் பக்கம் வரவில்லை. கடை சூப்பர்வைசர் அபிலாஷ் கோபப்படவே இல்லை. பந்தல் போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், மார்த்தாண்டத்திலிருந்து மைக்செட்டும் வரவழைத்தார்.

"கடைக்காரனே மனசு மாறிட்டான், பாத்தியா!" என்று சகாயசெல்விக்குக் கண் கலங்கியது.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"ஜெயிச்சாச்சு மக்கா. நாளைக்கு யாரும் வரண்டாம்" என்று சகாயசெல்வி அறிவித்ததும் அபிலாஷ் பதறி ஓடி வந்தார்.

"அக்கா, நிறுத்திராதீங்க! இந்த மாசம் முழுக்கப் பாடணும்."

"எதுக்கு? கடைக்குத்தான் ஆளே வரலியே?"

"முன்வாசலுக்குத்தான் வரல. பின்வாசல்ல நிக்க இடமில்ல" என்று உளறிவிட்டார் அபிலாஷ். "நீங்க எல்லாரும் இங்க இருக்கியள்லா? உங்க ஆம்பளையாளுவ வாங்கிட்டுப் போயி, வீட்டுல இருந்தே நிம்மதியா குடிக்கானுவ."

சகாயசெல்வி முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கட்டி வீட்டுக்கு. மிச்சப் பாட்ட அங்க வச்சுப் பாடுவோம்."