காதுவலிக்கு ஒரு கைதட்டல்

கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன கதையைப் பிழை திருத்துபவர் ஆறு வருஷமாக முழுசாக நம்பியதில்லை. எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது. எந்த வரியில் என்றுதான் பிடிபடவில்லை. தொழில் புத்தி, எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று தன்னையே நொந்துகொண்டதும் உண்டு.

கதை இதுதான்.

ஒரு ராக் குழு. அவர்களுடைய ஒரு பாட்டு எல்லா ரேடியோவிலும் ஓடியது. அதே ஆல்பத்தின் கடைசியில் இன்னொரு பாட்டு, 'தண்ணீர் இல்லாத நீச்சல்குளம்'. ப்ராக்ரெசிவ் ராக் என்று நீட்டி முழக்குகிற வகை. பதினோரு நிமிஷம். ஆறாவது நிமிஷத்தில்தான் பாடுகிறவர் வாயையே திறப்பார். கேட்டு முடித்தால் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கத் தோன்றும். அதை ஒருவரும் சீண்டவில்லை.

கடைக்காரரின் ஊரில் சீண்டியவர்கள் மூன்று பேர். கண்ணாடிக்கடைக்காரர், பஸ் டிரைவர், மருந்துக்கடை அக்கா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஒருநாள் பாட்டை எழுதிய கீபோர்டுக்காரரே படிக்கிற கண்ணாடி வாங்க வந்துவிட்டார். கடைக்காரர் கண்ணாடிக் கம்பியைக் காதில் மாட்டிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் கேட்டார்.

"காது வலிக்குதா சார்?"

"காது நல்லாத்தான் இருக்கு. கைதான் சும்மா இருக்கு. கீபோர்டை ஒரு ஸ்கூலுக்குக் கொடுத்துடப் போறேன். லீவு முடிஞ்சதும் வண்டி வருது."

"ஏன் சார்?"

"இன்டர்நெட்ல என் நீச்சல்குளப் பாட்டுக்குக் கீழே ரெண்டு வருஷத்துல ஏழு பேர் எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தர், இது எந்தக் கார் விளம்பரத்துல வருதுன்னு கேக்குறார்."

விஷயம் கேட்ட டிரைவர் அன்றைக்கே நாலு பொய்ப் பேரில் ஆகா ஓகோ என்று எழுதித் தள்ளினார். மறுநாள் கீபோர்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார்.

"நாலு பேரும் வரிக்கு மூணு ஆச்சரியக்குறி போடுறாங்களே, ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களா?"

அந்த வாரம்தான் 'காதுவலி' வந்தான். அந்தப் பேரில் யாரோ ஒருத்தன் எழுதியிருந்தான்.

"பாட்டு ஆரம்பிச்சப்போ வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். இவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஒரு கிலோ முடிஞ்சுபோச்சு. கண்ணுல தண்ணி வந்தது வெங்காயத்தாலயா, பாட்டாலயான்னு சொல்றவங்களுக்குப் பரிசு உண்டு."

டிரைவர் கொதித்துப்போனார். "இவன் மட்டும் என் பஸ்ஸுல ஏறட்டும். இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு அடுத்த ஸ்டாப்புலதான் இறக்கிவிடுவேன்!"

"என் கடைக்கு வரட்டும். தேதி முடிஞ்ச சொட்டு மருந்து ஒண்ணு இருக்கு," என்றார் அக்கா.

கடைக்காரர் மட்டும் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "விடுங்கப்பா," என்றார்.

காதுவலி விடவில்லை. வாரம் தவறாமல் ஒரு குறை. "தாளம் ஏழு ஏழாப் போகுதே, எட்டாவது தட்டை யாரு திருடினது?" "மூணாவது நிமிஷத்துல ஒரு கதவு கிரீச்சுங்குது. எண்ணெய் போட ஆளில்லையா?"

அப்படி ஒரு கதவுச் சத்தம் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. சண்டைக்கு வந்தவர்கள் போய்க் கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். ஒரு நர்ஸ், எங்கப்பா வீட்டை விட்டுப் போன அன்னிக்கு இதே சத்தம்தான் கேட்டது என்று எழுதினாள். ஒரு கணக்கு வாத்தியார் ஏழு தட்டை வகுப்பில் மேஜையில் தட்டிக் காட்டினாராம். எங்கெங்கிருந்தோ நானூறு பேர். முதல் பாதியில் காதுவலிக்குத் திட்டு, மறுபாதியில் பாட்டுக்குப் பாராட்டு.

ஸ்கூல் வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

டிரைவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர் பேர் தெரியாதவனெல்லாம் அவனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாச்சு. நீ ஒரு வார்த்தை எழுதினியா? நீயெல்லாம் ஒரு ரசிகனா?"

"எழுத வரலைப்பா எனக்கு."

அத்தோடு டிரைவர் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார்.

அந்த வருஷமே ஒரு சின்ன ஹாலில் கீபோர்டுக்காரர் அந்தப் பாட்டை வாசித்தார். நிற்க இடமில்லை. ஆரம்பிக்கும் முன் மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

"காதுவலி இங்கே இருந்தா தயவுசெய்து எந்திரிச்சு நிக்கணும். முதல் கைதட்டல் அவருக்குத்தான்."

"நானும் சுத்திச் சுத்திப் பார்த்தேன் சார். ஒருத்தனும் எந்திரிக்கல," என்று கடைக்காரர் கதையை முடிப்பார்.

பிழை திருத்துபவருக்கு இடித்தது அந்தக் கதவுதான். பிடிக்காத பாட்டுக்கு ஒருத்தன் இவ்வளவு காது கொடுப்பானா?

போன வாரம் புதுக் கண்ணாடி வாங்கப் போனார்.

"டிரைவர் இப்போவாவது பேசுறாராண்ணே?"

"எங்கே சார்! ரோட்டுல பார்த்தா ஹாரன் அடிப்பான். அதுவும் நான் ஓரமாத்தான் நடந்துக்கிட்டிருப்பேன்." கடைக்காரர் சிரித்தார். கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் வளைவை விரலால் தடவிச் சரிசெய்தார்.

"காது வலிக்குதா சார்?"

பிழை திருத்துபவர் புதுக் கண்ணாடி வழியாக அந்த முகத்தைப் பார்த்தார். எந்த வரி என்று தெரிந்துவிட்டது.

"எனக்கு வலிக்கலண்ணே. நானூறு பேர் திட்டினப்போ உங்களுக்கு வலிச்சுதா?"