சத்தம் பத்தாது

"இதைவிடச் சத்தமா ஏதாவது இருக்காம்மா?"

லோத்தார் இப்படிக் கேட்டதும் கடையின் விற்பனைப் பெண் கத்யா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"சத்தம் கம்மியா இருக்கணும்னுதானே சார் எல்லாரும் கேப்பாங்க?"

"எல்லாரையும் விடும்மா. எனக்குச் சத்தம் வேணும்."

வீட்டு கராஜில் வைக்க ஒரு கம்ப்ரசர். சைக்கிளுக்குக் காற்றடிக்க, ஈஸ்டர் வந்தால் தெருக்காரர்களின் பனிக்கால டயரைக் கழற்றிக் கோடை டயர் மாட்ட. என் காருக்குப் பின்னால் சாமான் ஏற்றும் இழுவை வண்டி இருப்பதால் லோத்தார் என்னைக் கூப்பிட்டான். நான் வந்த காரணம் வேறு. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வேலிதான்!

அவனுடைய பழைய கம்ப்ரசர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மண்டையைப் போட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் தெருவில் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்கக் கூடாது. இதைத் தாளில் எழுதி அவன் கராஜ் கதவில் ஒட்டியதே நான்தான். அவனும் மீறியதில்லை. ஆனால் மூன்று மணி அடித்த கையோடு தடதடவென்று ஆரம்பித்துவிடுவான்.

உடனே சமையலறை ஜன்னல் படாரென்று திறக்கும். அவன் பெண்டாட்டி ரோஸ்வீதா தலையை நீட்டுவாள்.

"லோத்தார்! காது கிழியுது, அந்த எழவை நிறுத்தித் தொலை!"

மிஷினைவிட அவள் சத்தம் பெரிது. தெருப்பிள்ளைகள் அவளை மாதிரியே கத்திக் காட்டும். அவளும் சிரித்துவிட்டு ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக் கொடுப்பாள். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அதெல்லாம் என்ன நாட்கள்! நினைத்தால் நெஞ்சை என்னவோ செய்கிறது.

அப்புறம் எனக்கும் வயசாச்சு, பொறுமை போச்சு. மூன்று மணி ஆனாலே வீட்டைப் பூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவேன்.

ரோஸ்வீதாவுக்கு ரெண்டு வருஷமாக ஞாபகம் தப்பிவிட்டது. எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வணக்கம் சொன்னால் யாரோ என்று பார்க்கிறாள்.

அப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் சத்தமான கம்ப்ரசர் தேடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கத்யா ஒன்றைப் போட்டுக் காட்டினாள். லேசான முனகல், அவ்வளவுதான்.

"பக்கத்துலயே குழந்தை தூங்கும் சார்."

"இதையே எடுத்துக்கடா," என்றேன்.

"சத்தம் பத்தாது."

அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இது கீச்சுங்குது. எனக்குத் தடதடங்கணும். டேங்க் நிறைஞ்சதும் உஸ்ஸுன்னு பெருமூச்சு விடணும்."

"மிஷின் வாங்க வந்தியா, கச்சேரிக்கு ஆள் எடுக்க வந்தியா?"

கத்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மூலையில ஒண்ணு கிடக்கு சார். வாங்கிட்டுப் போனவங்க சத்தம் தாங்கலன்னு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

போட்டாள். கடையே அதிர்ந்தது. பெயின்ட் வாங்க வந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். லோத்தார் முகம் மலர்ந்தது.

"இதேதான்!"

என்னால் தாங்க முடியவில்லை. "வீட்ல ஒரு நோயாளி இருக்கா. உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"அந்தப் பக்கம் பிடி, ஊவே," என்றான். நான் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன்.

வீட்டில் இறக்கி வைத்தபோது மூன்று மணி ஆகியிருந்தது. நான் வழக்கம்போல நழுவப் பார்த்தேன். "ஒரு நிமிஷம் இருப்பா," என்று சுவிட்சைப் போட்டான்.

தடதடதட!

ஜன்னல் திறக்கவில்லை.

லோத்தாரின் முகம் வாடிப்போனது. கராஜ் கதவை முழுக்கத் தூக்கினான். கம்ப்ரசரை வாசல்வரை உருட்டி வந்தான்.

ஜன்னல் படாரென்று திறந்தது.

"லோத்தார்! காது கிழியுது, அந்த எழவை நிறுத்தித் தொலை!"

நிறுத்தினான். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"கேட்டியா? பேரைச் சொல்லிட்டா! பழைய மிஷின் நின்னதுலேர்ந்து என்னைப் பார்த்து 'நீங்க யாரு'ன்னுதான்பா கேக்குறா. இந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் அவ புருஷன்."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. தெருவே அடங்கிக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ரோஸ்வீதாவின் குரல் மட்டும் கேட்டது. "நீங்க யாரு? என் வீட்டுக்காரர் எங்கே?"

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"லோத்தார், மிஷினைப் போடு. பின்சக்கரத்துல சுத்தமா காத்தில்ல."

"விளையாடுறியா? ஞாயித்துக்கிழமை கூடாதே! நீ ஒட்டின தாள்லயே போட்டிருக்கே."

"எந்தத் தாள்?"

அவன் கராஜ் கதவைத் திரும்பிப் பார்த்தான். அங்கே எதுவும் இல்லை.

அது என் சட்டைப்பையில் கசங்கிக் கிடந்தது. சற்றுமுன் நானே காற்றைப் பிடுங்கிவிட்ட பின்சக்கரத்தின் வால்வு மூடியும் கூடவே கிடந்தது.