இடது பெட்டி

“எந்தப் பெட்டியை வேணும்னாலும் சொல்லுங்கோ சார், பிடுங்கிக் காட்டறேன். டேட்டாபேஸ் நிக்காது” என்றார் சங்கர்ராம்.

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கின் மாடி. கண்ணாடிக் கதவுக்குள் இரண்டு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது பெட்டி விட்டுப் பெட்டி மாற்றக்கூடிய மென்பொருள் கணினி. ஒன்றில் கம்பெனியின் மொத்த டேட்டாபேஸ், மற்றதில் அதன் நகல். ஒரு பெட்டி செத்தால் அரை நிமிடத்தில் அடுத்த பெட்டி வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இதற்கு ஹை அவைலபிலிட்டி என்று பெயர். அந்தக் கம்பெனியில் அதைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவர் சங்கர்ராம் மட்டுமே. ஐ.டி. தலைவர் பதவி அதனால்தான் கிடைத்தது என்று கீழே கிடங்கில் ஒரு பேச்சு உண்டு.

போன மழைக்காலத்தில் சிஸ்டம் படுத்துக்கொண்டது. செல்லதுரையின் கம்பெனி வாங்கிய மிளகு துறைமுகத்திலேயே நின்றுபோனது. அதனால்தான் இன்று அவர் சென்னையிலிருந்து நேரில் வந்திருக்கிறார்.

சோதனை தேறினால் ஒப்பந்தம் தொடரும். தேறாவிட்டால் ஒப்பந்தமும் போகும், சங்கர்ராமும் போவார். முதலாளி விசாலாக்ஷி இதைக் காலையில் சாயா கொடுத்து உபசரித்தே சொல்லியிருந்தார்.

செல்லதுரை சற்று யோசித்து, இடது பெட்டியைக் காட்டினார்.

“அரை நிமிஷம் திரை உறையும். பயப்படாதீங்கோ.” சங்கர்ராம் வயரை உருவினார்.

விசிறி முனகி அடங்கியது.

கீழே எடை போடும் மூட்டைகளின் கணக்கு திரையில் ஏறிக்கொண்டே இருந்தது. அரை நிமிடம் என்ன, ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“எங்க ஆபீஸ்ல இதுக்கு ரெண்டு நிமிஷம் தொங்கும் சார். இங்க ஒரு தும்மல்கூட இல்லையே!” செல்லதுரை நின்றபடியே ஒப்பந்தத்தை விரித்து, பேனாவைத் திறந்தார்.

விசாலாக்ஷிக்குப் பெருமை தாளவில்லை.

“கொள்ளாமே சங்கர்ராம்! அது இல்லாமலே இத்தனை ஜோரா ஓடறதே. அப்போ அது எதுக்காக்கும்? வித்துடுங்கோ. கரண்டாவது மிச்சமாகும்.”

சங்கர்ராமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு பெட்டிகள் இருப்பதால்தானே எல்லாம் என்று விளக்க வாயைத் திறந்தார்.

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஸாதனா அவர் காதருகே வந்தாள்.

“சார், சனிக்கிழமை மிளகுத் தூசி தட்டறதுக்கு அந்தப் பெட்டியைக் காலி பண்ணச் சொன்னேளே. ரெண்டையும் வலதுலயாக்கும் ஏத்தியிருக்கு. திருப்பி மாத்தவே இல்லை.”

அசலும் நகலும் ஒரே பெட்டியில். அவர் அத்தனை கம்பீரமாகப் பிடுங்கியது வெறும் பெட்டியின் வயரை. செல்லதுரையின் விரல் ஒரு முழம் வலப்பக்கம் நகர்ந்திருந்தால் மொத்தமும் அணைந்திருக்கும்.

கையெழுத்தின் பாதியில் பேனா நின்றது. “ஏதாவது பிரச்சினையா சார்?” என்றார் செல்லதுரை.

சங்கர்ராம் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

“வித்துடலாம் மேடம்.”