டிஸ்க் வரும் வரை பொறு

“போச்சு சார், எல்லாம் போச்சு! ஒரு கன்டெய்னரைக்கூடக் காணோம்!”

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள் அவள். திரையில் தலைப்பு வரி மட்டும் இருந்தது. அதன் கீழே ஒன்றுமே இல்லை.

“பதறாதம்மா, உட்காரு. சர்வரை ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எல்லாம் ஓடிட்டுத்தானே இருந்துச்சு? அப்புறம் எங்க போயிருக்கும்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் சார் உங்ககிட்ட பாடம் கேட்க வர்றேன்?”

நியாயமான கேள்விதான்.

நாளைக்கு, இந்தச் சர்வரை அவளுக்குக் கொடுத்திருக்கும் ஆபீசிலிருந்து வந்து சோதித்துப் பார்ப்பார்கள். சர்வர் அணைந்து எழுந்தால், ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனியாக அடைத்து ஓடவிடும் கன்டெய்னர்கள் எல்லாம் யார் கையும் படாமல் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும். செய்து காட்டினால் அவளுக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் மேஜைமேல் இருக்கும் இந்தச் சர்வரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

டீ போட்டு வந்து நீட்டினான். ஒரு வாய் குடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சர்க்கரை இல்லாமதான் குடிப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து சொன்னியே.”

“சொன்னேனா? சரி, சொல்லியிருப்பேன். ஆமா, நீங்க பேக்கரி வச்சிருக்கிறவர். இந்த சர்வர் வேலையெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?”

“என் சம்சாரம். அவ இதுல புலி. பக்கத்துல உட்கார்ந்து பார்த்த கேள்வி ஞானம்தான் எனக்கு.”

“அப்ப அவங்களையே கூப்பிடுங்க சார். நீங்க சொல்றது எனக்கும் புரியல. உங்களுக்கே புரியுதான்னும் சந்தேகமா இருக்கு.”

“அவளுக்கு உடம்பு சரியில்லம்மா.”

“ஐயோ பாவம்” என்றாள். நிஜமாகவே அவள் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

“அவ ஒண்ணு சொல்வா. ஒரு பொருளைக் காணோம்னா உடனே தொலைஞ்சு போச்சுன்னு முடிவு கட்டாத, நீ தேடுற இடம் சரியான்னு பாருன்னு.”

அவள் டீயைக் கீழே வைத்தாள். விரல்கள் கீபோர்டில் ஓடத் தொடங்கின. இத்தனை வேகத்தை இந்த ஒரு மாதத்தில் அவன் பார்த்ததில்லை.

“சார், கன்டெய்னர் எல்லாம் தனி டிஸ்க்லதானே இருக்கு?”

“ஆமாம்மா.”

“கன்டெய்னரை எல்லாம் ஓட வைக்கிற இந்த சர்வீஸ் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே எழுந்துடுது சார்! டிஸ்க் இன்னும் சர்வரோட வந்து சேரல. காலி ஃபோல்டரைப் பார்த்துட்டு, ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுக்குது. எதுவும் போகல. எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு!”

டிஸ்க் வந்து சேரும் வரை எழுந்திருக்காதே என்று சர்வீஸுக்கு ஒரே ஒரு வரி எழுதினாள். சர்வரை மறுபடி ரீஸ்டார்ட் செய்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன.

அவள் கை தட்டினாள். அவன் ஆசையோடு அவள் முகத்தையே பார்த்தான்.

“வேற ஏதாவது தோணுதாம்மா?”

அவள் யோசித்தாள்.

“தோணுது சார். இருட்டப் போகுது, நான் வீட்டுக்குக் கிளம்பணும்.”

“வா, கொண்டுபோய் விடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டின் நீலக் கதவைப் பூட்டினான்.

சலவைக் கடையைத் தாண்டி, முனையில் திரும்பி, அடுத்த தெரு வழியாக நடந்தார்கள். வழியெல்லாம் அவள் டிஸ்க் பேச்சாகவே இருந்தாள்.

“நானே கண்டுபிடிச்சேன்னு உங்க சம்சாரத்துகிட்ட சொல்லுங்க சார். சந்தோஷப்படுவாங்க.”

“கண்டிப்பா சொல்றேன்.”

இன்னும் இரண்டு முறை திரும்பி, ஒரு நீலக் கதவின் முன்னால் வந்து நின்றார்கள்.

“வீட்ல யாராவது இருப்பாங்களா சார்?”

“உன் வீட்டுக்காரர் இருக்கார்ம்மா” என்றான் அவன், சற்றுமுன் பூட்டிவிட்டுப் போன அதே பூட்டைத் திறந்துகொண்டே.